பதில் வரும் வேகம்

இன்று காலையில் என் வீட்டுக்காரி பரணிலிருந்து பழைய விசிறியை எடுத்து உதறினாள். முதலில் தூசி வந்தது. பிறகு திருநீறும் வியர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாசனை வந்தது. இரண்டு வருஷம் அடுக்களைப் புகையில் கிடந்தும் போகவில்லை. பிள்ளை அதைப் பிடுங்கிக்கொண்டு போய், பாயில் படுக்க வைத்திருந்த மரப்பாச்சிக்கு வேகவேகமாக வீசினாள். இரண்டு நிமிஷத்தில் கை சோர்ந்துவிட்டது. என்னிடம் வந்து கையை நீட்டி, வலிக்கிறது என்றாள். "பைய வீசணும் மக்களே" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் பேச்சில்லை, உன் பேச்சு என்று தெரிந்தது.

நான் களைத்துப் போயிருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதத்தில் ஏன் இத்தனை பெருமூச்சு என்று நீ கேட்பாய். வயலில் கும்பப்பூ அறுப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புக்கு இரண்டு வகுப்பாக என் தலையில் இருக்கிறது. மீதி நேரமெல்லாம் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து, நம் தெற்குத் தாலுகாக்களைப் பிரித்து மெட்ராஸோடு சேர்த்தால் யாருக்கு என்ன ஆகும் என்று பேசுகிறார்கள். எதில் சேர்த்தாலும் எனக்கு ஒரு நாள் முழுக்கத் தூங்கக் கிடைத்தால் போதும் என்று இருக்கிறது. எனக்கு வயது முப்பதுதான். நீயும் நானும் ஒரே வயது. நீ அந்த வயதிலேயே நின்றுவிட்டாய்.

சட்டைப் பையில் உன் வீட்டுக்காரி தங்கம்மையின் கார்டு இருக்கிறது. நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல அந்தப் பெண் அப்படியே எழுதியிருக்கிறாள். "சிவராத்திரிக்கு முந்தி நானும் பிள்ளையும் எனக்க அண்ணன் கூட மலை எஸ்டேட்டுக்குப் போறோம். வீடு பூட்டிக் கெடக்கும். சாருக்குன்னு அவிய செஞ்சு வச்ச விசிறி இஞ்ச இருக்கு. வந்து வாங்கணும். பைய வந்தா மதி."

மெதுவாக வந்தால் போதும் என்று அர்த்தம். எங்கள் கிழக்குப் பக்கத்தில் 'போதும்' என்போம், உங்கள் பக்கத்தில் 'மதி' என்பீர்கள். அந்தக் கடைசி வரியை நான் இதற்கு முன்னாலும் ஒரு கார்டில் படித்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதிலிருந்து தொடங்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஓட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதல் வேலையாகத் திருவட்டாறு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். எதிரே உன் முறுக்கான் கடை. வெற்றிலை பாக்கும் மட்டி வாழைப்பழக் குலையும் நாலு சர்பத்துப் புட்டியும். சாயங்காலம் ஒரு மட்டிப் பழம் தின்னாமல் நான் அறைக்குப் போனதில்லை. நீ உரித்துத் தரமாட்டாய், "சாரே, பழத்த உரிக்கவும் படிப்பிச்சுத் தரணுமா" என்று கேலி செய்வாய். என்னைவிட நாலு மாசம் மூத்தவன், அதற்கே அத்தனை அதிகாரம். என் வீட்டுக்காரி அப்போது எங்கள் ஊரில் இருந்தாள். இரண்டு கரு தங்காமல் போய், மூன்றாவது நாலாம் மாசத்தில் இருந்தது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் உன் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் பிரிப்பேன். தனியாகப் பிரிக்கப் பயம். ஒருநாள் நீ கேட்டாய், நான் சொன்னேன். நீ வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, "சாலைய ஓட்டத்துக்கு நேர்ந்துக்கிடுங்க சாரே. நான் கூட ஓடுகேன்" என்றாய்.

உங்கள் பக்கத்தில் சாலைய ஓட்டம் என்கிற சிவாலய ஓட்டம் எங்களுக்குக் கேள்வி ஞானம்தான். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி நட்டாலத்தில் முடிய, பன்னிரண்டு சிவன் கோவில்கள். சிவராத்திரிக்கு முந்தின நாள் மத்தியானம் புறப்பட்டு, மறுநாள் இருட்டுவதற்குள் பன்னிரண்டையும் ஓடித் தொழ வேண்டும். வெறுங்கால், காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி. ஒவ்வொரு கோவிலிலும் முங்கிக் குளித்து, ஈர வேட்டியோடு சாமியைத் தொழுது, அவருக்கு விசிறியால் வீசிவிட்டு அடுத்த கோவிலைப் பார்த்து ஓட வேண்டும். பீமனை, பாதி மனுஷனும் பாதி மிருகமுமான புருஷாமிருகம் துரத்தியபோது அவன் கோவிந்தா கோபாலா என்று கூவிக்கொண்டே ஓடினானாம். அதனால் ஓடுகிறவர்களுக்கெல்லாம் அன்று கோவிந்தன் என்றுதான் பெயர். ஏழு நாள் விரதம் இருந்தேன். நீ எனக்கு ஒரு விசிறி செய்து தந்தாய். ஓலையை நிழலில் உலர்த்தி, விளிம்பில் சிவப்புத் துணி வைத்துத் தைத்தது. பிள்ளையின் மரப்பாச்சி இன்று காற்று வாங்கியது அதில்தான்.

ஓட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியாது. கல்லூரி மைதானத்தில் ஓடி ஒரு கிண்ணம் வாங்கியவன். முஞ்சிறையில் கூட்டம் கிளம்பியதும் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தேன். உன் ஊர்க்காரர்கள் பத்துப் பேர், மூட்டை சுமக்கிறவர்கள் நடக்கிற நடையில், குதிகால் தரையை உரச, தொங்கு தொங்கென்று வந்துகொண்டிருந்தார்கள். நீ அவர்களுக்கு நடுவில். இவர்கள் எப்போது போய்ச் சேருவார்கள் என்று நான் பரிதாபப்பட்டேன். பின்னாலிருந்து நீ "கோவிந்தா" என்று கூப்பிட்டாய். பதிலுக்கு நான் "கோபாலா" என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. நீ இன்னொரு தடவை கூப்பிட்டாய். மறுபடியும் காற்று. திக்குறிச்சி ஆற்றங்கரையில் நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நீ பக்கத்தில் வந்து சேர்ந்தாய். உனக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"சாரே, நான் கூப்பிட்டது கேட்டுதா?"

"கேட்டுது."

"பின்ன பதில் வரல்லியே. பீமன் பயந்துபோய் ஓடினான், செரி. நீங்க ஆரப் பாத்து பயந்து ஓடுகீங்க?"

என் பயம் என்னவென்று உனக்குத் தெரியும். நீ ஆற்றில் முங்கி எழுந்து தலையைத் துவட்டாமலே சொன்னாய்: "நான் கூப்பிடும்போ முழுசா பதில் வரணும். அதான் வேகம். பதில் அறுந்து வந்தா நடக்கணும். வரவே இல்லேன்னா நிக்கணும். வேற கணக்கு ஒண்ணும் இதுக்குக் கெடயாது."

அதற்குப் பிறகு நீ கூப்பிட, நான் பதில் சொல்ல, திற்பரப்பும் திருநந்திக்கரையும் போனோம். கூப்பிடுவது நாலு எட்டுக்கு ஒரு தடவை. அந்த நாலு எட்டுக்குள் மூச்சு வந்து நிரம்பிவிடும். எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். இன்னொன்றைத் தெரிந்துகொள்ளவில்லை. வழியெல்லாம் வீட்டு வாசலில் பானையை வைத்துக்கொண்டு நின்றார்களே, அவர்களைச் சொல்கிறேன். பானகம், மோர், சுக்குவெள்ளம். கோவிந்தன் குடித்தால் புண்ணியம் என்று ஒவ்வொருவரும் கையைப் பிடித்து ஊற்றினார்கள். நாஞ்சில் நாட்டுக்காரன் என்ன செய்வான்? விருந்துக்குப் போன வீட்டில் இலையில் விழுந்ததை மிச்சம் வைத்தால் வைதுவிடுவார்கள் என்று வளர்ந்தவன். ஒருத்தரிடம் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால் அவர்கள் மனசு நோகாதா? எல்லா வீட்டிலும் குடித்தேன். கும்பாவைக் கவிழ்த்துக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

பொன்மனை தாண்டிப் பன்னிப்பாகம் போகிற வழியில், வெயில் ஏறின நேரம், ஓர் அயனி மரத்தடியில் நான் விழுந்தேன். குடித்ததெல்லாம் வந்தது. கால் இரண்டும் முறுக்கிக்கொண்டது. உன் ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். மூத்தவர் ஒருவர், "லேய், சாரு பைய வரட்டும். நீ வா. நேரம் போகுது" என்றார். அது உனக்கு ஒன்பதாவது வருஷ ஓட்டம். அந்தக் கூட்டத்தோடு புறப்பட்டு அந்தக் கூட்டத்தோடு நட்டாலத்தில் போய் நிற்பது உங்கள் வழக்கம். ஒரு வருஷமும் நீ பிந்தியதில்லை என்று அவர்களே சொன்னார்கள். நீ, "நீங்க நடங்க. நாங்க வாறோம்" என்றாய். அவர்கள் போய்விட்டார்கள். கோவிந்தா சத்தம் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நீ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன். நின்றால் நேர்ச்சை போச்சு, பிள்ளை போச்சு என்று என் மண்டைக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எழுந்திருக்கப் பார்த்தேன். நீ தோளைப் பிடித்து உட்கார வைத்தாய்.

"கெட மக்கா" என்றாய். அதுவரைக்கும் சாரே, நீங்க என்றுதான் கூப்பிட்டிருந்தாய். "கோவிலு எங்கயும் ஓடிப் போவாது. அது அங்கதான் நிக்குது. நாமதான் ஓடுகோம்."

பிறகு உன் விசிறியை எடுத்து எனக்கு வீசினாய். சாமிக்கு வீசுகிற விசிறி, எச்சிலும் வாந்தியுமாகக் கிடக்கிற எனக்கு வேண்டாம் என்று தடுத்தேன். "சாமிக்குப் பெறவு வீசலாம். அவருக்கு இப்ப ஒண்ணும் வேர்க்கல்ல" என்றாய். நீ வீசியதை நான் கவனித்தேன். மணிக்கட்டு மட்டும் அசைய, ஒரே சீராக, காற்று முகத்துக்கு வந்து போகிற இடைவெளி விட்டு. எத்தனை நேரம் என்று தெரியாது. உன் கை சோரவில்லை.

எழுந்த பிறகு ஒரு திருப்பம் நடை, ஒரு திருப்பம் ஓட்டம் என்று கூட்டிக்கொண்டு போனாய். அடுத்த வீட்டு வாசலில் ஓர் அம்மை மோர்க் கும்பாவை நீட்டியபோது நீ எனக்குச் செய்து காட்டினாய். வாங்கினாய், கும்பிட்டாய், ஒரு வாய் தொண்டையை நனைத்தாய், மீதியை உள்ளங்கையில் ஊற்றி முகத்திலும் பிடரியிலும் பூசிக்கொண்டாய். அந்த அம்மைக்கு எத்தனை சந்தோஷம். "வேண்டாம்னு சொல்லாத. முழுசும் குடிக்கவும் செய்யாத. ஒரு வாய் மதி" என்றாய். இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்கு வேலையைக் கொண்டுவந்து நீட்டும்போது எனக்கு அந்த மோர்க் கும்பா ஞாபகம் வரும். ஞாபகம் வருமே தவிர, பழையபடி கவிழ்த்துக் குடித்துவிட்டுத்தான் கிடக்கிறேன்.

நட்டாலத்துக்கு நாம் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்து வெகு நேரமாகிவிட்டது. உன் ஊர்க்காரர்கள் தொழுது முடித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சன்னிதியில் நீ சாமிக்கு வீசினாய், எனக்கு வீசிய அதே சீரில். ஆடி மாசம் பிள்ளை பிறந்தாள். கடிதத்தை உன் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். நீ அன்றைக்கு ஒரே ஒரு நாள் மட்டும் எனக்குப் பழம் உரித்துத் தந்தாய்.

அதற்கடுத்த வருஷமும் சேர்ந்து ஓடினோம். பிறகு எனக்கு ஊருக்கு மாற்றல் வந்தது. போன வருஷம் சிவராத்திரிக்கு நான் வரவில்லை. அறுப்பு என்று எழுதினேன். நீ பதில் எழுதவில்லை. உனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும், எழுத வராது. அதனால் கோபமா இல்லையா என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

இனி அந்த முந்தின கார்டைச் சொல்கிறேன். போன ஐப்பசி மாசம், விடாத மழை. திங்கட்கிழமை வந்தது. "அவியளுக்கு பத்து நாளா காய்ச்சல். நெஞ்சில கட்டு. சாரைப் பாக்கணும்னு சொல்லியாச்சு. பைய வந்தா மதின்னு அவியளே எழுதச் சொன்னது." நான் அதை இரண்டு தடவை படித்தேன். பைய வந்தால் மதி என்று நீயே சொன்னதாக இருந்தது. அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்படி எடுத்துக்கொள்ளச் சௌகரியமாக இருந்தது. வயலில் நடவு. மேசையில் இரண்டு வகுப்புப் பரீட்சைத் தாள். அவசரப்பட்டு ஓடி விழக்கூடாது என்று உன் பாடத்தையே உனக்கு எதிராக எனக்குள் சொல்லிக்கொண்டு, சனிக்கிழமை போகலாம் என்று வைத்தேன்.

சனிக்கிழமை நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது உன் கடை பூட்டியிருந்தது. குலை தொங்குகிற கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் எல்லோரும் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள். வீட்டுக்குத் தெற்கே, மரச்சீனிக் கிழங்கு நட்ட விளையின் ஓரத்தில், புது மண்மேடு மழையில் கரைந்துகொண்டிருந்தது. முந்தின நாள் உச்சிப்பொழுதிலேயே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

தங்கம்மை என்னைக் குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை வைதிருந்தால் நான் நிமிர்ந்து நடந்து திரும்பியிருப்பேன். அவள் பாலில்லாத ஒரு கட்டன்காப்பி போட்டுத் தந்துவிட்டு, நிலையில் சாய்ந்து நின்று சொன்னாள்: "நாலு நாளும் வாசலத்தான் பாத்துட்டுக் கெடந்தாவ. வண்டி சத்தம் கேட்டா தலையத் தூக்கிப் பாப்பாவ. நான் சொன்னேன், சாரு மறந்திருப்பாருன்னு. அதுக்கு எனக்குத்தான் ஏச்சு. அவன் வருவான், பைய தான் வருவான், நான் தான் அப்பிடி படிப்பிச்சதுன்னு சொல்லிச் சிரிச்சாவ. சிரிச்சா இருமல் வரும்."

கடைசி நாள் காலையில் நீ இரண்டு தடவை கோவிந்தா என்று கூப்பிட்டாயாம். சாமியைத்தான் கூப்பிடுகிறாய் என்று வீட்டில் நினைத்து, திருநீறு பூசிவிட்டார்களாம். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். நீ யாரைக் கூப்பிட்டாய் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். என்னிடமிருந்து பதில் வரவில்லை. அந்த நேரத்தில் நான் எட்டாம் வகுப்புத் தாளில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பதில் வராவிட்டால் நிற்க வேண்டும் என்று சொன்னவன் நீ. நின்றுவிட்டாய்.

நீ எனக்காக அயனி மரத்தடியில் உட்கார்ந்தாய். உன் கூட்டத்தையே விட்டாய். நான் உனக்காக ஒரு கட்டுத் தாளை விடவில்லை. நாலு மாசமாக இதைச் சுமக்கிறேன். களைப்பு என்று மேலே எழுதினேனே, அதில் பாதி இதுதான். மற்றவர்களிடம் அறுப்பு, பள்ளிக்கூடம் என்று சொல்கிறேன்.

நேற்று தங்கம்மையின் கார்டைப் படித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? நாளை மறுநாள் அறுப்புக்கு ஆள் வருகிறது, சனிக்கிழமை போகலாம் என்று மனசுக்குள் முடிவு செய்தேன். சத்தியமாக. அதே சனிக்கிழமை. சிவராத்திரிக்கு முந்தி என்றுதான் எழுதியிருக்கிறாள், என்றைக்குப் புறப்படுகிறாள் என்று எழுதவில்லை. எனக்கு மறுபடியும் சௌகரியமாக இருந்தது. இன்று காலையில் பிள்ளை கை வலிக்கிறது என்று வந்து நின்ற பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது.

பிள்ளை மறுபடியும் விசிறியை எடுத்திருக்கிறாள். இப்போது பைய வீசுகிறாள், கை சோரவில்லை. நான் இதை எழுதிக்கொண்டிருப்பதை என் வீட்டுக்காரி அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்சம் கழித்துச் சலவைச் சட்டையைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டாள்.

"ஆளுக்கு நாளைக்கு நான் கஞ்சி வச்சுக் கொடுத்துக்கிடுவேன். களத்துக்கு எங்க அப்பா வருவாரு. நீங்க போங்க" என்றாள்.

"இன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டே."

"ஒரு நாளு லீவு எழுதிக் கொடுத்தா அந்தப் பள்ளிக்கூடம் எங்க ஓடிப் போயிரும்?"

அவளுக்கு நான் அயனி மரத்தடி கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எங்கே வைத்துக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் விடுப்புக் கடிதம் கொடுத்தாயிற்று. சட்டையும் போட்டுவிட்டேன். இந்தச் சிவராத்திரிக்கு ஓடுவேனா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. முட்டி வலிக்கிறது, விரதமும் தொடங்கவில்லை. கூப்பிடவும் ஆளில்லை. அதைப் பிறகு பார்க்கலாம். நீ எனக்குச் சொல்லித் தந்த வேகம் பன்னிரண்டு கோவிலுக்குச் சரி. கோவில்கள் நிற்கும். உன் வாசல் நிற்கவில்லை. தங்கம்மையும் நிற்கப் போவதில்லை. இந்த வித்தியாசத்தை நீயே அயனி மரத்தடியில் சொல்லியிருந்தாய், நான்தான் பாதியை வாங்கிக்கொண்டு மீதியை விட்டிருக்கிறேன்.

பஸ் நிற்கிற இடத்துக்கு இங்கிருந்து ஒரு மைல், கால்வாய்க் கரையோடு. பஸ் வர இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கிறது. நடந்தால் பிடிக்க முடியாது. ஓடத்தான் போகிறேன் மக்கா, நீ பின்னால் நின்று எத்தனை தடவை கூப்பிட்டாலும் வாயில் காற்று மட்டும் வருகிற வேகத்தில். ஏச வேண்டுமானால் ஏசிக்கொள்.